பாடு முறையும் தேடுபொறியும்



சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே, ராக்கெட்டுகள் ஏவப்படும் ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது.

ஏரி கடலோடு சேரும் இடத்தை முகத்துவாரம் என்பார்கள். அது திறந்திருந்தால் கடல்நீர் உள்ளே வரும். அதோடு இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் வரும். மணல் சேர்ந்து அது தூர்ந்துவிட்டால் இந்த வரத்து குறைந்துவிடும். படகுகளும் கடலுக்குள் போக வழியின்றி நிற்கும். வலையும் படகும் உழைப்பும் நேற்று இருந்தபடியே இருக்க, வருமானம் மட்டும் விழுந்துவிடும்.

இணையத்தில் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கும் இப்படி ஒரு முகத்துவாரம் உண்டு. அதுதான் தேடுபொறி. கூகுள் போன்ற தேடுபொறியில் நாம் ஒரு சொல்லைத் தட்டினால், பக்கங்களை அது வரிசைப்படுத்திக் காட்டுகிறது. நம்மில் எத்தனை பேர் இரண்டாவது பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறோம்? ஆகவே முதலில் நிற்கும் கட்டுரைக்கு வாசகர் வருகிறார்கள். வாசகர் வந்தால் விளம்பர வருவாய் வருகிறது. வரிசைப்படுத்தும் விதி ஒரு நாள் மாறினால், ஓர் எழுத்து கூட மாறாத கட்டுரையும் வாசகரை இழந்துவிடும். இதில் நியாயம் என்ன என்பதைத்தான் நாம் பேசப் போகிறோம்.

வரிசை எப்படி அமைகிறது?

1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த செர்கே பிரின், லாரி பேஜ் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குக் கொடுக்கப்படும் இணைப்பை ஓர் ஓட்டு என்று கொள்ளலாம் என்பது அவர்களுடைய யோசனை. ஆனால் எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு அல்ல. 12 மதிப்பெண் உள்ள ஒரு பக்கம் மூன்று பக்கங்களுக்கு இணைப்புக் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண் போகும். ஒரே பக்கத்துக்குக் கொடுத்தால் 12-ம் அதற்கே போகும். சில திருத்தங்களுடன் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டால், எந்தப் பக்கத்தைப் பெரிய பக்கங்கள் மதிக்கின்றன என்பது தெரிந்துவிடும். எவ்வளவு எளிய, அழகான யோசனை பாருங்கள்!

யோசனை எல்லாருக்கும் தெரிந்ததும் ஏமாற்றுக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். காசு கொடுத்து இணைப்புகளை வாங்கினார்கள். ஒரே சொல்லை நூறு முறை எழுதிப் பக்கங்களை நிரப்பினார்கள். ஆகவே விதிகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை தேடுபொறிக்கு ஏற்பட்டது. இன்று ஒரு பக்கத்தின் இடத்தை முடிவு செய்யும் கூறுகள் மிகப் பல. அவற்றின் முழுக் கணக்கும் வெளியாருக்குத் தெரியாது.

விதி மாறிய நாள்

2011 பிப்ரவரியில் கூகுள் தன் விதியில் பெரிய மாற்றம் ஒன்றைச் செய்தது. அதற்குப் பெயர் 'பாண்டா'. விலங்கின் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அது அங்கே பணியாற்றிய ஒரு பொறியாளரின் பெயர். தரம் குறைந்த பக்கங்களைக் கீழே தள்ளுவதே நோக்கம். அமெரிக்காவில் நடக்கும் தேடல்களில் 11.8 சதவீதம் இதனால் குறிப்பிடத்தக்க அளவில் மாறும் என்று அந்த நிறுவனமே அறிவித்தது.

அப்போது ஹப்பேஜஸ் என்றொரு தளம் இருந்தது. பல எழுத்தாளர்கள் அதில் கட்டுரை எழுதி விளம்பர வருவாயில் பங்கு பெற்று வந்தார்கள். பாண்டா வந்ததும் அத்தளத்தின் வாசகர் கூட்டம் வெகுவாகச் சரிந்தது. அங்கே மோசமான கட்டுரைகளும் இருந்தன. அக்கறையோடு எழுதியவையும் இருந்தன. எல்லாம் ஒரே முகவரியின் கீழ் இருந்ததால் ஒன்றாகவே இறங்கின. கூடையில் நாலு மீன் கெட்டதற்காகக் கூடையையே ஒதுக்கிவைத்த கதைதான்! பிறகு அந்தத் தளம் ஒவ்வோர் எழுத்தாளருக்கும் தனித் துணை முகவரி கொடுத்தது. அதன்பின் சிலருக்கு வாசகர்கள் திரும்பி வந்தார்கள்.

மாற்றங்கள் அதோடு நிற்கவில்லை. 2012-இல் வாங்கிய இணைப்புகளுக்கு எதிராக ஒரு மாற்றம் வந்தது. 2022-இல் 'பயனுள்ள கட்டுரை' எது என்று மதிப்பிடும் மாற்றம் ஒன்று வந்தது. 2024 மே மாதம் அமெரிக்காவிலும், ஆகஸ்டில் இந்தியாவிலும், செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்க விடை தேடல் முடிவுகளின் தலைப்பில் தோன்றத் தொடங்கியது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால், அந்த விடைக்கு மூலமான கட்டுரையைத் திறந்து பார்ப்பவர் யார்? ஏரிக்கரையில் நாள் முழுதும் நின்று செய்தி சேகரித்தவருக்கு ஒரு வாசகர் கூடக் கிடைக்காமல் போகலாம்.

கடலும் விதியும் ஒன்றா?

"தேடுபொறி மாறினால் மாறட்டும், மழை பெய்வது போலத்தான்; நாம் என்ன செய்ய முடியும்?" என்று பலர் சொல்வதைக் கேட்கலாம். இதை நான் ஒப்பவில்லை. முகத்துவாரத்தில் மணல் சேர்த்ததற்குக் கடலிடம் காரணம் கேட்க முடியாது. தேடுபொறியின் விதியோ மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதியது. அவர்களிடம் காரணம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

மனிதர் எழுதும் விதி எப்படி இருக்கலாம் என்பதற்கு அதே பழவேற்காட்டில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்களிடையே 'பாடு' என்னும் முறை தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. ஏரியில் கழிகளை ஊன்றி வலை கட்டி இறால் பிடிக்கிறார்கள். எல்லா இடமும் சமமாக விளைவதில்லை. முந்தியவருக்கே நல்ல இடம் என்று விட்டால், வலுத்தவன் ஆட்சிதான் நடக்கும். ஆகவே யாருக்கு எந்த இடம், எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். இடங்கள் சுற்றி வருகின்றன. இன்று குறைவாகப் பிடித்தவர் தமக்கும் நல்ல முறை வரும் என்பதை அறிவார். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டுப் பகிரும் வழக்கம் உண்டு.

பாடு முறை குறையில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. உரிமை பெற்ற ஊர்களின் குடும்பங்களுக்கு மட்டுமே அதில் இடம். அதே ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அதில் பங்கு இல்லை. இதுபற்றி ஊர்களுக்கிடையே சச்சரவுகளும் எழுந்திருக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விதி எல்லாருக்கும் தெரிந்திருப்பதால்தான், "எங்களை ஏன் சேர்க்கவில்லை?" என்று வெளியே நிற்பவர் கேட்க முடிகிறது. தெரியாத விதியோடு யார் எப்படி வழக்காடுவது?

விதியைச் சொன்னால் ஏமாற்றமாட்டார்களா?

இது நியாயமான கேள்விதான். இணைப்புதான் ஓட்டு என்று தெரிந்ததும் ஓட்டு வாங்கியவர்களை மேலே பார்த்தோம். நிரலை முழுவதும் அச்சிட்டுக் கொடுங்கள் என்று நானும் கேட்கவில்லை. தேர்வுக்கு முன் கேள்வித்தாளைக் கொடுப்பதில்லை. ஆனால் பாடத்திட்டத்தையும், எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறோம். விடைத்தாளை மறுபடி திருத்தக் கேட்கவும் வழி வைத்திருக்கிறோம் அல்லவா?

ஐரோப்பிய ஒன்றியம் இந்த வழியில் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது. அங்கே 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள ஒரு சட்டப்படி, வரிசையை முடிவு செய்யும் முக்கியக் கூறுகள் எவை என்பதைத் தேடுபொறிகள் எளிய மொழியில் வெளியிட வேண்டும்.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி.காம் நிறுவனமும் ஒரு நுகர்வோர் அமைப்பும் 2012-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் செய்தன. ஆணையம் எல்லாப் புகார்களையும் ஏற்கவில்லை. ஆனால் விமானப் பயணம் பற்றிய தேடல்களில் கூகுள் தன் சொந்தச் சேவைக்கே முக்கிய இடம் கொடுத்தது போன்றவற்றைத் தவறு என்று கண்டு, 2018 பிப்ரவரியில் ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது. கூகுள் மேல்முறையீடு செய்தது. சீட்டுக் குலுக்குகிறவரே வலையும் போடுகிறவராக இருந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

என் கருத்து இதுதான்: பிறர் பிழைப்பைப் பாதிக்கும் விதி மாறுமுன் அறிவிப்பு வேண்டும். முக்கியக் காரணங்கள் தமிழ் உள்ளிட்ட நம் மொழிகளில் சொல்லப்பட வேண்டும். தவறாகக் கீழே தள்ளப்பட்டவர் முறையிட ஓர் இடம் வேண்டும். இவை மூன்றும் பெரிய கோரிக்கைகள் அல்ல.

நீங்களே செய்து பாருங்கள்

'பழவேற்காடு' என்று தமிழிலும், பிறகு ஆங்கிலத்திலும் இரண்டு தேடுபொறிகளில் தேடுங்கள். முதல் பத்து முடிவுகளை நோட்டில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றையும் எழுதியவர் யார்? அரசா, சுற்றுலா நிறுவனமா, செய்தித்தாளா, ஏரிக்கரையில் வாழ்பவரா? 'பழவேற்காட்டில்', 'பழவேற்காட்டுக்கு' என்று வேற்றுமை உருபு சேர்த்தும் தேடுங்கள். தமிழ்ச் சொல்லின் உருமாற்றத்தைப் பொறி எவ்வளவு புரிந்துகொள்கிறது என்பது தெரியவரும். மூன்று மாதம் கழித்து இதையே மீண்டும் செய்து இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுங்கள்.

மேலே ஏறியது எது, இறங்கியது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். காரணம் உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். உங்களில் சிலர் நாளை இந்த விதிகளை எழுதும் பொறியாளர்கள் ஆவீர்கள். அன்று விதியைத் திருத்துமுன், இரவில் கழி ஊன்றித் தன் முறைக்காகக் காத்திருக்கும் பழவேற்காட்டு மீனவரை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். தமக்கு ஏன் அந்த இடம் வந்தது என்பது அவருக்குத் தெரியும். உங்கள் விதியின் கீழ் வாழ்பவர்களுக்கும் அது தெரியட்டும்.