இந்தக் குழாய் இன்றும் தேவையா?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் குடும்பத்தாரிடமிருந்து நாங்கள் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு: “செலவைப் பற்றிக் கவலை வேண்டாம், டாக்டர். இருப்பதிலேயே பெரிய ஆன்டிபயாட்டிக்கைப் போடுங்கள்.” அன்பினாலும் அச்சத்தினாலும் எழும் வேண்டுகோள் அது. ஆயினும், பல வேளைகளில் அது நோயாளிக்கு உதவுவதில்லை. குடும்பத்தார் எங்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு என்பதே எங்கள் கருத்து.

வெண்டிலேட்டர் உயிரைக் காக்கும் கருவி. ஆனால், அதற்காக மூச்சுக்குழலில் செலுத்தப்படும் குழாய், உடலின் இயற்கைக் காவலைத் தாண்டிச் செல்கிறது. இருமிச் சளியை வெளியேற்றும் ஆற்றல் குறைகிறது. வாயில் தேங்கும் உமிழ்நீர் குழாயின் ஓரமாகக் கசிந்து நுரையீரலை அடைகிறது. சிறுநீர்க் குழாயும், கழுத்துச் சிரையில் பொருத்தப்படும் குழாயும் அவ்வாறே கிருமிகளுக்கு வழிவிடக்கூடியவை. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றின் வாய்ப்பும் நீள்கிறது.

அங்கே காத்திருக்கும் கிருமிகளும் எளியவை அல்ல. அசினெட்டோபாக்டர் என்னும் பாக்டீரியா, கட்டில் கம்பியிலும் கருவிகளின் பொத்தான்களிலும் வாரக்கணக்கில் உயிருடன் இருக்கக்கூடியது. கிளெப்சியெல்லா நம் குடலிலேயே தங்கக்கூடியது. மருந்து கொடுக்கும்போது, மருந்துக்கு அடங்கும் பாக்டீரியாக்கள் மடிகின்றன. அடங்காதவை எஞ்சிப் பெருகுகின்றன. எதிர்ப்புத் திறனுக்கான மரபணுவை ஒரு பாக்டீரியா மற்றொன்றுக்குக் கடத்தவும் வல்லது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945ஆம் ஆண்டிலேயே தமது நோபல் உரையில் இவ்வாபத்தைக் குறித்து எச்சரித்தார். மெரோபெனெம் போன்ற கார்பாபெனெம் மருந்துகளுக்கு அடங்காத அசினெட்டோபாக்டரை, உலக சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் மிக அபாயகரமான வகையில் வைத்துள்ளது. அம்மருந்துகளும் பலனளிக்காதபோது எங்கள் கையில் எஞ்சுபவை மிகச் சில. அவற்றுள் ஒன்றான கொலிஸ்டின், சிறுநீரகத்தைப் பாதிப்பதால் முன்னர் ஏறக்குறைய கைவிடப்பட்டு, வேறு வழியின்மையால் மீண்டும் எடுக்கப்பட்ட மருந்து.

ஆகவே, ‘பெரிய மருந்து’ என்பது பெரும்பாலும் கடைசி மருந்து. இரத்த அழுத்தம் வீழும் அளவுக்குத் தொற்று முற்றியிருந்தால், பல கிருமிகளையும் தாக்கும் மருந்தை உடனே தொடங்கத்தான் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால், இரண்டு மூன்று நாட்களில் கல்ச்சர் முடிவு வந்தபின், அக்கிருமிக்குப் போதுமான மருந்துக்கு இறங்கி வருவதும், உரிய நாளில் நிறுத்துவதும் சிகிச்சையின் பகுதியே. வெண்டிலேட்டரால் வரும் நிமோனியாவுக்குக்கூடப் பலருக்கு ஏழு நாள் மருந்து போதும். மருந்தைக் குறைத்தால் நாங்கள் நம்பிக்கை இழந்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம்.

எனவே, அன்றாடம் எங்களைச் சந்திக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் குழாய் இன்றும் தேவையா? கல்ச்சர் முடிவு என்ன, ஆன்டிபயாட்டிக்கைக் குறைக்கலாமா? நோயாளியைத் தொடும் முன் கைகளைத் தூய்மை செய்தீர்களா?

மூன்றாவது கேள்வியை மருத்துவரிடம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் தயங்குகிறோம். 1847ஆம் ஆண்டில் வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தே பிரசவித்த தாய்மாரின் இறப்பைப் பெரிதும் குறைத்தார். அன்று அவரை ஏற்க மறுத்தவர்களும் மருத்துவர்களே. ஆல்கஹால் திரவத்தைக் கைகளில் தேய்க்க முப்பது விநாடி போதும். கையுறை அணிவது அதற்கு மாற்றாகாது. இக்கேள்வியால் புண்படும் மருத்துவரை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

எங்கள் தரப்பிலும் ஒரு கடமை உண்டு. தொற்று மருத்துவமனையில் தங்கியிருந்தபோது ஏற்பட்டதெனில், அதைக் குடும்பத்தாரிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும். அத்தகைய தொற்று ஒவ்வொன்றும் கவனக்குறைவால் வருவதன்று; முழு அக்கறையுடன் பார்த்துக்கொண்டாலும் சிலருக்கு வரும். ஆனால், மருந்துப் பட்டியலைப் பார்த்தோ, பிறர் சொல்லியோ அதனை நீங்கள் அறிய நேர்ந்தால், எங்கள் மீதான நம்பிக்கை முறிந்துவிடும். மறைக்கப்படும் தொற்றிலிருந்து எந்த மருத்துவமனையும் பாடம் கற்பதில்லை.

உங்களிடமும் சிலவற்றை வேண்டுகிறோம். உள்ளே வரும்போதும் வெளியேறும்போதும் கைகளைத் தூய்மை செய்யுங்கள். அடுத்த படுக்கையில் இருப்பவரைத் தொட்டு ஆறுதல் சொல்ல வேண்டாம். திருநீறோ தீர்த்தமோ கொண்டுவந்தால் முதலில் செவிலியரிடம் கேளுங்கள். வெண்டிலேட்டரில் இருப்பவரின் வாயில் ஒரு துளியும் விடாதீர்கள். ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்ற விதி உங்களை விலக்கி வைப்பதற்கன்று.

இல்லம் திரும்பிய பின்னும் இப்பொறுப்பு முடிவதில்லை. சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் தாமாக ஆன்டிபயாட்டிக் வாங்கி உண்பதை விட்டுவிடுங்கள். இன்று வீணாக்கப்படும் மாத்திரை, நாளை இதே பிரிவில் நம்மில் ஒருவருக்குப் பயனற்றுப் போகக்கூடும்.