மூன்று பொட்டலம் விதை



ஆவணி பிறந்துவிட்டது. தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல்கள் வழக்கம்போல வருகின்றன, போகின்றன. ஊரைத் தாண்டி ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என்று கரிசல்காட்டுக்குள் போனால் டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். இந்த வருஷம் என்ன விதைக்கிறது? மக்காச்சோளமா, உளுந்தா, பாசியா? மிளகாய் எத்தனை குறுக்கம் நிலத்தில்? புரட்டாசி மழைக்கு முன்னால் புழுதியிலேயே விதையைப் போட்டாக வேண்டும். விதைக்கடையில் "எந்த ரகம்ண்ணே நல்லாருக்கும்?" என்று கேட்டால், கையிருப்பில் எது இருக்கிறதோ அதுதான் நல்ல ரகம் என்று பதில் வரும். கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பை கடைக்கு வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே தேர்வு முடிந்துபோய்விடுகிறது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும்.

கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-ல் தொடங்கியது. கருங்கண்ணிப் பருத்தியிலிருந்து 2015-ல் வந்த கே 12 சோளம் வரை, மானாவாரிக்கென்றே அங்கே நடந்த உழைப்பு பெரிது. நான் அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஒரு ரகம் வெளியே வரும் வழியைப் பாருங்கள். முதலில் நிலையத்துக்குள் பல வருஷம் ஒட்டுச் சேர்த்துக் கழிப்பார்கள். பிறகு வேறு வேறு நிலையங்களில் போட்டுப் பார்ப்பார்கள். கடைசிக் கட்டத்தில்தான் விவசாயியின் வயலுக்கு வரும். நூற்றுக்கணக்கில் இருந்தது அதற்குள் ஒன்றிரண்டாகச் சுருங்கியிருக்கும். சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வது மட்டும்தான் விவசாயிக்கு மிச்சம். கழித்துப் போட்டதில் தனக்கு வேண்டியது ஒன்று இருந்ததா என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

பிற்காலத்தில் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் 1963-ல் இதே நிலையத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தார். பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு உரம் என்று சோதனைகள் நடந்த காலம். மழையை மட்டும் நம்பி, கையில் காசில்லாமல் வெள்ளாமை செய்கிறவருக்கு விலைகூடின இடுபொருளை வைத்துச் சோதனை நடத்தி என்ன பிரயோஜனம் என்று அவருக்குப் பட்டது. அந்த வேலையை விட்டுவிட்டுக் களக்காட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்விட்டார். பின்னாளில் அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொண்டவன் இல்லை. ஆனால் யாருடைய நிலத்துக்காக இந்தச் சோதனை என்ற கேள்வியை நிலையத்துக்குள் இருந்துகொண்டே கேட்டது சாதாரண விஷயமா?

நிலையத்துக் கணக்கில் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்பது முதல் வரியில் இருக்கும். கரிசல்காட்டு விவசாயி ஒரு சோளக் கதிரைக் கையில் எடுத்தால் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? கதிரைக் கசக்கி, உள்ளங்கையில் ஊதி, நாலு மணியை வாயில் போட்டு மெல்லுகிறார். அடுத்து குனிந்து தட்டையை ஒடித்துப் பல்லால் கடிக்கிறார். சக்கையா, இனிப்பா? மாடு மிச்சம் வைக்காமல் தின்னுமா? கருத்த இருங்குச் சோளத்தை விடாமல் வைத்திருப்பவர்களிடம் காரணம் கேட்டால் தொழுவத்தைத்தான் காட்டுவார்கள். பாசிப்பயறு என்றால் காய் எல்லாம் ஒன்றுபோல முற்ற வேண்டும். இரண்டு மூன்று தடவை பறிக்க ஆள் கிடைப்பதில்லை. மிளகாய் வத்தல் என்றால் களத்தில் காய்ந்த பிறகு நிறம் நிற்கணும். குதிரைவாலி என்றால் உமி லேசாகக் கழலுமா என்று உரலைப் பிடித்த அம்மாவைத்தான் கேட்க வேண்டும். அவரைக் கேட்காமல் தேர்ந்தெடுத்த குதிரைவாலி எவ்வளவு விளைந்தாலும் வீட்டுக்குள் நுழையாது.

கேட்டுச் செய்த இடங்கள் இருக்கின்றன. நம் பக்கத்திலேயே மதுரை மாவட்டம் பேரையூரில், 2011 முதல் 2014 வரை தானம் அறக்கட்டளையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய சிறுதானியத் திட்டத்தில், குதிரைவாலி ரகங்களை விவசாயிகளின் நிலத்திலேயே விதைத்து அவர்களையே தேர்ந்தெடுக்க வைத்தார்கள். கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சாமையில் இதே வேலையைச் செய்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கலிங்கா 3 என்ற நெல்லின் கதை. அது ஒடிசாவில் வெளியான ரகம். 1990-களில் குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் மூன்றும் கூடும் மேட்டுநிலப் பகுதியில், பில் பழங்குடி விவசாயிகளிடம் அதையும் வேறு சில ரகங்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மாநிலங்களுக்கு அதுவரை யாரும் அதைச் சிபாரிசு செய்ததில்லை. சீக்கிரம் அறுப்புக்கு வருகிறது, வறட்சிக்கு முன்னால் தப்பிவிடுகிறது என்று விவசாயிகள் பிடித்துக்கொண்டார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை பாருங்கள்; இருந்த விதையைக் கண்ணில் காட்டினார்கள், அவ்வளவுதான். சாய்ந்துவிடுகிறது என்பது அதன் குறை. பிறகு அதை ஐ.ஆர். 64-உடன் ஒட்டுச் சேர்த்து, ராஞ்சி பிர்சா வேளாண் பல்கலைக்கழகமும் வேல்ஸ் நாட்டு விஞ்ஞானிகளும் விவசாயிகளோடு சேர்ந்து தேர்ந்தெடுத்த அசோகா ரகங்கள் ஜார்க்கண்டுக்கு வந்தன.

இதற்கெல்லாம் பெரிய ஏற்பாடு வேண்டுமே என்று நினைப்பீர்கள். இன்னும் எளிதான வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு விவசாயிக்கும் பெயர் போடாத மூன்று பொட்டலம் விதை. மேலே அ, ஆ, இ என்று மட்டும் எழுதியிருக்கும். ஓர் ஓரத்தில் விதைத்து, எது நன்று, எது மோசம் என்று சொன்னால் போதும். ஒருவர் சொல்வது சிறிய தகவல்தான். ஆயிரம் பேர் சொன்னால் எந்த மண்ணில், எந்த மழைக்கு எது நிற்கும் என்ற படம் கிடைத்துவிடும். நிகரகுவா, எத்தியோப்பியா, இந்தியா மூன்று நாடுகளிலும் விவசாயிகளின் 12,409 திடல்களில் இப்படிப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது.

நமக்கு இது ஏன் அவசரம் என்பதை 2023 டிசம்பர் சொல்லிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! நம் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரியைவிட அதிகம். அந்த மழையில் எந்தக் காட்டில் எந்தப் பயிர் பிழைத்தது என்ற விவரம் நூற்றுக்கணக்கான விவசாயிகளின் நினைவில் கிடக்கிறது. அதை யாராவது எழுதி வைத்தார்களா?

சிக்கல்களும் இருக்கின்றன. இரண்டு குறுக்கம் வைத்திருப்பவரிடம் அரைக் குறுக்கத்தைச் சோதனைக்குக் கேட்பது அநியாயம். நாலு சால் போதும், நஷ்டமானால் ஈடு கொடுக்க வேண்டும். வயல்விழாவுக்கு முன்வரிசையில் வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய கைகள். குத்தகைக்காரரும் பெண்களும் வந்து சேருவதில்லை. தேர்ந்தெடுத்த பிறகு விதை கிடைக்காவிட்டால் எல்லாம் வீண். அதற்கு ஊருக்குள்ளேயே விதை பெருக்கலாம். சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும், வணிகப் பெயர் போடாமல் விற்கவும் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயிக்கு உரிமை கொடுத்திருக்கிறது.

இந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்பு 1961-ல் நின்றுபோனது. அது நடந்த காலத்தில், குளிப்பு அறிவிக்கும் முன்னால் கடலுக்கடியில் இருக்கும் முத்துப் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்தைப் பிரித்து, மதிப்புப் போட்ட பிறகுதான் சர்க்கார் தேதி குறிக்கும். கடலுக்குள் இறங்குகிறவர் கொண்டுவந்த சிப்பி இல்லாமல் அந்த முடிவு இல்லை. விதையிலும் அப்படி ஒரு வழக்கம் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கோவில்பட்டி நிலையமும் வல்லநாடு கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஒரு புது ரகம் வந்தால் அதில் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள், எந்தப் பழைய ரகத்தை விட மனசில்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். கடிதங்களைத் தொகுத்து இரண்டு இடங்களுக்கும் அனுப்புகிறோம். ஐப்பசி இதழிலும் வெளியிடுவோம். வீட்டுப் பெண்கள் தனியாக எழுதினால் இன்னும் நல்லது. ஊர்ப் பெயரோடு, உங்கள் மண் கரிசலா, செவலா, தேரியா என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்