குடம் சுமப்பவளுக்கா சிக்கன உபதேசம்?

“நீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள்” என்று கோடைதோறும் அதிகாரிகள் உபதேசம் புரிகின்றனர். நல்ல உபதேசமே, நாம் அதனை மறுக்கவில்லை. ஆனால், யாருக்கு இந்த உபதேசம் என்று கேட்கின்றோம்.

மாத்தளை மாவட்டத்தைப் பாருங்கள். 1976ஆம் ஆண்டு தொட்டு, பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்தை அடைந்து, சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு வடக்கு நோக்கிச் செல்கின்றது. 2017 ஜனவரியிலே மொரகஹகந்தையிலும் நீர் தேக்கத் தொடங்கினார்கள். அந்நீரால் வறண்ட வலயத்து வயல்கள் விளைவதில் நமக்கு மகிழ்ச்சியேயன்றிப் பொறாமை இல்லை. உழவன் எம்மொழி பேசினும் உழவனே! ஆனால், ஊருக்கெல்லாம் நீர் கடத்தும் இம்மாவட்டத்தின் தோட்டங்கள் பலவற்றில், லயன்களில் வாழும் நம் தாய்மார் ஒற்றைப் பீலியின் முன் குடங்களோடு காத்து நிற்பது எந்த நீதி?

குடம் சுமந்து மேடேறும் பெண்ணுக்கு ஒரு துளியின் அருமையைக் கற்பிக்க எவருக்குத் தகுதியுண்டு? அரிசி களைந்த நீரை மாட்டுக்கும், பாத்திரம் கழுவிய நீரை வாழைக்கும் விடுபவள் அவள். உபதேசம் வேண்டியது குழாயுள்ள வீட்டுக்கு. அதாவது, வழக்கறிஞரும் ஆசிரியரும் மருத்துவரும் வாழும் நமது வீடுகளுக்கு. நொடிக்கொரு சொட்டாக ஒழுகும் குழாய் ஒரு நாளில் ஏறத்தாழ 20 லீற்றர் நீரை வீணாக்கும். அது அவள் சுமக்கும் ஒரு குடத்திலும் அதிகம்! சிறு வாசர் ஒன்றை மாற்றச் சோம்பியிருக்கும் நாம், அவளுக்குச் சிக்கனம் போதிப்பதா?

வானம் பொழிவதையேனும் அவள் சேமிக்கலாகாதா என்பர் சிலர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையின் கூரை 11 சதுர மீற்றர். 25 மில்லிமீற்றர் மழையில் 275 லீற்றர்; சிந்தியது போக 200 லீற்றரேனும் நிற்கும். பன்னிரண்டு அறை கொண்ட லயனுக்கு 2,400 லீற்றர்! ஐப்பசி, கார்த்திகை மழையில் இத்தனையும் மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகின்றது. ஏன்? கூரையும் நிலமும் அவளுடையன அல்ல. ஒரு தொட்டி கட்டுவதற்கும் துரையின் சம்மதம் வேண்டும்!

சட்டம் என்ன செய்தது? மழைநீர் சேகரிப்புக்கு 2005இல் தேசியக் கொள்கை வகுத்தார்கள். 2007இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அச்சட்டம் நகரத்துக் கட்டிடங்களை நோக்கிற்று. வெள்ளையர் காலத்து லயன் கூரையை நோக்கவில்லை. தமிழ்நாட்டிலோ 2003இல் பிறந்த ஆணை பழைய கட்டிடங்களையும் விடவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்து 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் பணிசெய்ய வழியில்லை என்றார்கள். 2018இல் அச்சட்டமும் திருத்தப்பட்டது. தடை நீங்கிற்று; சாட்டு நீங்கவில்லை!

மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை தாகத்தோடும் நோயோடும் நடந்து வந்தவர்களின் சந்ததி இது. அந்த வழியிலேயே 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து, இருநூறாண்டு வரலாற்றை நினைவூட்டி உரிமை கேட்டார்கள். நிலவுரிமையற்றவனுக்கு நீருரிமையும் இல்லை என்பதே அந்த வரலாறு கற்பிக்கும் பாடம்.

ஆகவே நாம் கோருவன மூன்று. தோட்டக் கம்பனிகள் ஒவ்வொரு லயன் கூரைக்கும் தகர வாரியும், நுளம்பு புகாத மூடிய தொட்டியும் அமைத்தல் வேண்டும். பிரதேச சபைகள் அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே தோட்டக் குடிநீருக்குப் பணம் ஒதுக்குதல் வேண்டும். அரசு, லயன் அறைகளுக்குப் பதிலாக நிலவுறுதியோடு கூடிய வீடுகளை வழங்குதல் வேண்டும்.

நமக்கும் கடமையுண்டு. குழாயுள்ளோர் இன்றே ஒழுக்கை அடைப்போமாக. உழவர் நண்பகலில் நீர் இறைப்பதை விடுத்து, மிளகுக் கொடியின் அடியைச் சருகால் மூடுவாராக. சட்டமறிந்தோர் தோட்டந்தோறும் சென்று மனு எழுதிக் கொடுப்பாராக.

முதலில் உரிமை, பின்னரே உபதேசம்!