அந்தக் கையைப் பற்றிக்கொள்வோம்

பிரான்ஸின் நார்மண்டியில் இருக்கிறது செயின்ட்-மேர்-எக்லீஸ் என்ற சிற்றூர். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஜூன் 6 அன்று, விடிவதற்கு முன்பே அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் வந்திறங்கிய ஊர். அவர்களில் ஒருவரான, தேவாலயக் கோபுரத்தில் சிக்கித் தொங்கிய ஜான் ஸ்டீலின் நினைவாக இன்றும் அங்கே ஒரு பொம்மை வீரன் தொங்குகிறான். ஜூன் மாத நினைவு விழாக்களில் என் கண் அந்தக் கோபுரத்தைவிடச் சக்கர நாற்காலிகளில்தான் நிற்கிறது. 2024இல், அந்தத் தரையிறக்கத்தின் 80ஆம் ஆண்டு நிறைவுக்கு நார்மண்டி வந்த முன்னாள் வீரர்களில் பலர் நூறு வயதை ஒட்டியவர்கள். மடியில் கம்பளி, மார்பில் பதக்கம், நடுங்கும் கை. அந்தக் கையைப் பள்ளிப் பிள்ளைகள் பற்றிக்கொள்கிறார்கள். எந்த மேடை உரையும் இதற்கு ஈடாகாது. 90ஆம் ஆண்டுக்குத் திட்டம் போடுகிறவர்கள் இந்த ஜூனிலேயே அந்த முதிய வீரர்கள் அருகில் போய் உட்காரட்டும், அவர்கள் சொல்வதைக் கேட்கட்டும்.