மெஷினுக்கேற்ற கட்டர்

மதுரையின் கே.புதூரிலோ கப்பலூரிலோ சிறு பட்டறை வைத்திருப்பவர், கார்பைடு கட்டருக்குப் பணத்தை எடுத்து வைக்குமுன் தன் மில்லிங் மெஷினின் அதிகபட்ச வேகத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. விலை கூடினால் வேலை சுத்தமாக வரும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை.

10 மி.மீ. எண்ட் மில்லை எம்.எஸ். (மென் எஃகு) துண்டில் ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) கட்டருக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் போதும். கணக்குப் போட்டால் சுமார் 800 சுற்று. கார்பைடுக்கு 100 மீட்டராவது வேண்டும், அதாவது ஏறக்குறைய 3,200 சுற்று. பழைய மெஷின் 1,500-ஐத் தொடவே முனகும்! போதாக்குறைக்குத் தேய்ந்த ஸ்பிண்டில் ஆடினால் கார்பைடின் முனை பொரிந்துவிடும். ஹெச்.எஸ்.எஸ். அந்த அதிர்வை ஓரளவு தாங்கும். மழுங்கினால் சாணை பிடிப்பதும் சுலபம்.

பல் விஷயத்திலும் அசட்டை கூடாது. எஃகுக்கு வைத்த நான்கு பல் கட்டரையே அலுமினியத்துக்கும் மாட்டினால், சுருள் வெளியேற இடமில்லாமல் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். அப்புறம் கட்டர் வெட்டாது, தேய்க்கும். அலுமினியத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று பல். வார்ப்பிரும்பு தூளாக உதிர்வதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

உறுதியான சி.என்.சி. வைத்திருப்பவர் தாராளமாகக் கார்பைடு வாங்கட்டும். மற்ற முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள்: கட்டர் வாங்கக் கிளம்பும்போது, மெஷினில் நிற்கிற ஆளையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.