அந்தச் சீட்டை யார் எடுத்துக்கொண்டு போவது?

இயர் எண்டிங் முடிந்து இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. மார்ச் மாதம் பேங்க்காரனுக்கு வீடு, வாசல், பதிவு எதுவும் கிடையாது. அதனால்தான் இந்த இடைவெளி. மன்னிக்கவும்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பானூரில் எங்கள் தெரு சங்கத்துக்காரர்கள் சர்க்கரை நோய் முகாம் நடத்தினார்கள். எனக்கும் ஆறு வருஷமாகச் சர்க்கரை உண்டு என்பதால் போனேன். ஒரு சின்னப் பெண், கையில் செல்போன், அதன் முன்னால் மாட்டிய லென்ஸ் பெட்டி. சொட்டு மருந்து கிடையாது. "சாரே, இங்ஙோட்டு நோக்கிக்கோளூ" என்றாள். பளிச், பளிச். இரண்டு நிமிஷத்தில் என் விழித்திரை அவள் போனில் ஆரஞ்சு நிற நிலா மாதிரி தெரிந்தது. "குழப்பமில்ல சாரே" என்று அனுப்பிவிட்டாள்.

சந்தோஷமாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் வழியெல்லாம் அப்பா ஞாபகம்.

அப்பா மன்னார்குடியில் இருக்கிறார். வயது 74, சர்க்கரை இருபது வருஷமாக. ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது காபியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். வலது கண்ணில் பார்வை பெரும்பாலும் போயிருந்தது. அம்மா ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். ஊரில் நடந்த முகாமில் இதே மாதிரி போனில் படம் எடுத்துக் கொடுத்தது. "விழித்திரை நிபுணரிடம் உடனே காட்டவும்." தேதியைப் பார்த்தேன். பதினாலு மாசம் ஆகியிருந்தது.

"உனக்கு ஆடிட்டுன்னு சொன்னியேப்பா... தஞ்சாவூருக்கு இவரை யாரு கூட்டிட்டுப் போறது? அப்புறம் பாத்துக்கலாம்னு வச்சேன்" என்றார் அம்மா.

நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்? மாதாமாதம் பணம் அனுப்பினேன். குளுக்கோமீட்டர் வாங்கிக் கொடுத்தேன். வாரம் ஒருமுறை போனில் "சுகர் எவ்வளவு?" என்று கேட்டேன். கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

கருவி மோசமா? இல்லை. அது தன் வேலையைச் செய்தது. சென்னை மெட்ராஸ் டயாபெடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனில் இதைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். 296 பேருக்குப் போனில் எடுத்த படங்களை ஒரு மென்பொருளிடம் கொடுத்தார்கள். பார்வையைப் பறிக்கும் அளவுக்குப் பாதிப்பு உள்ளவர்களில் 99.1 சதவீதம் பேரை அது பிடித்துவிட்டது. அந்த அளவு பாதிப்பு இல்லாதவர்களில் 80.4 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிட்டது.

பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் இருக்குமா? :-) நூறு சர்க்கரைக்காரர்கள் வருகிறார்கள், அதில் பத்து பேருக்கு ஆபத்து என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து பேரும் அநேகமாகச் சிக்கிவிடுவார்கள். மீதி 90 பேரில் சுமார் 18 பேருக்கும் சீட்டு போகும். ஆக 28 சீட்டு. 18 பேருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் நஷ்டம். பத்து பேருக்குக் கண் மிச்சம். என்னைக் கேட்டால் இது நல்ல வியாபாரம். ஆனால் ஒரு நிபந்தனை: 28 பேரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகாவிட்டால் லாபம் பூஜ்யம்.

இந்த வியாதிக்கு ஆரம்பத்தில் வலியும் கிடையாது, மங்கலும் கிடையாது. தெரிய ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் தாமதமாகிவிடுகிறது. 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை. கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4. இத்தனை பேரையும் கண் டாக்டர்களே பார்க்க முடியாது. இங்கே 'நயனாமிர்தம்' என்ற திட்டத்தில் குடும்ப ஆரோக்கிய மையங்களிலேயே விழித்திரையைப் படம் பிடிக்கிறார்கள். நல்ல காரியம், நிறைய வரட்டும்.

எனக்குள்ள பயம் வேறு. 2014-ல் ஜன்தன் கணக்கு திறந்த காலத்தில் எங்களைத் தினமும் கேட்ட கேள்வி, "இன்று எத்தனை கணக்கு?" எத்தனை கணக்கில் பணம் புழங்குகிறது என்று பிறகுதான் கேட்டார்கள். முகாம்களும் அப்படி ஆகிவிடக் கூடாது. "இத்தனை ஆயிரம் பேரைப் பரிசோதித்தோம்" என்பது கணக்கு திறந்த மாதிரி. எத்தனை சீட்டு சிகிச்சையில் போய் முடிந்தது என்பதே உண்மையான பாலன்ஸ் ஷீட். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. வருகிறவர் கையில் சீட்டு வாங்கியவர்களின் பட்டியலும் இருந்து, "போனீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால், அப்பா மாதிரி பலர் தப்பிப்பார்கள். சோதனையை மலிவாக்கினோம். அடுத்த பஸ் டிக்கெட்டுக்கும் துணைக்கு வரும் ஆளுக்கும் யாராவது பட்ஜெட் போட வேண்டாமா?

அரசாங்கத்தை மட்டும் சொல்லி என்ன பயன்? நாமும்தான். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் நமக்கு ஒரு கருவி வாங்கி அனுப்புவது சுலபம். லீவு போடுவதுதான் கஷ்டம்.

அப்பாவின் வலது கண்ணில் போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணை லேசரும் ஊசியும் போட்டுக் காப்பாற்றினார்கள். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனந்தபுரி ஏறித் திருச்சியில் இறங்கி, பஸ் பிடித்து ஊருக்குப் போய் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். ஆடிட் இருந்தாலும்.

இன்று ராத்திரி ஊருக்குப் போன் பேசும்போது, "சாப்பிட்டீங்களா, சுகர் எவ்வளவு" என்பதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "எந்த முகாமிலாவது ஏதாவது சீட்டு கொடுத்தாங்களா?"

பி.கு.: ஊசி குத்தாமலே சர்க்கரை அளவைச் சொல்லும் என்று விற்கப்படும் வாட்ச், மோதிரம் எதையும் அப்பா அம்மாவுக்கு வாங்கி அனுப்பிவிடாதீர்கள். அப்படி எதற்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. மலிவான சோதனை வேறு, போலிச் சோதனை வேறு.