பின்னி மில் மண்ணில் பிள்ளை குட்டிகளோடு

பெரம்பூர்ப் பக்கம் பழைய மில் இடத்தில் எழும்பியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு த்ரீ பிஹெச்கே பார்க்கிறோம் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள். மாமாவும் சித்தப்பாவும் அலுவலக நண்பரும் ஒரே குரலில் பேசுவார்கள்: "ஃபேக்டரி இருந்த இடம் குடும்பத்துக்கு ஆகாதுப்பா. பேசாம வண்டலூர் தாண்டி ஒரு கிரவுண்டு வாங்கித் தனிவீடு கட்டிக்கோ." தரகர்களும் யூடியூப் ஆலோசகர்களும் இதையே வேதமாக ஓதுகிறார்கள். காரணம் கேட்டால் ஐந்தாறு சொல்வார்கள்.

முதல் காரணம், அது ஆலைப் பகுதியாம், குடியிருப்புப் பகுதி அல்லவாம். இந்த வரலாற்றை அவர்களுக்கு யார் சொன்னார்கள்? பக்கிங்ஹாம் ஆலை 1870களின் கடைசியில் வந்தது, அதையடுத்து கர்நாட்டிக் ஆலை. இரண்டும் சேர்ந்து 'பி அண்ட் சி' ஆகி, ஊர் வாயில் 'பின்னி மில்' என்று நிலைத்தது. அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கானோர் பட்டாளம், புளியந்தோப்பு, ஓட்டேரி, சூளை என்று ஆலையைச் சுற்றிலும் பெண்டு பிள்ளைகளோடு குடியிருந்தவர்கள். ஆலை நிர்வாகமே அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது. 1918 ஏப்ரல் 27இல் பி.பி.வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதும், திரு.வி.க. தொழிலாளர்களிடையே பேசியதும் இந்தத் தெருக்களை நம்பித்தான். 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்தபோது உலையில் அரிசி இல்லாமல் தாக்குப்பிடித்தவை இங்கிருந்த குடும்பங்கள்.

ஆலையோடு கதை முடியவில்லை. ரயில்வே பணிமனைகளும் 1955இல் தொடங்கிய ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் தங்கள் குடியிருப்புகளைக் கொண்டுவந்தன. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் 1975இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இருதய பைபாஸ் அறுவை நடந்தது. அது ரயில்வே ஊழியர்களுக்கான மருத்துவமனைதான், நாளைக்கே நம்மைச் சேர்த்துக்கொள்ளாது. ஆனால் பள்ளி, மருத்துவம், சந்தை, ரயில் எல்லாம் நூறு வருஷமாக வேர்விட்ட பகுதியைப் பொட்டல்காடுபோலப் பேசுவது அறியாமை. சொல்லப்போனால் வண்டலூர் தாண்டிய மனைக்குத்தான் குடும்பம் வாழ்ந்த பழக்கம் இல்லை.

அடுத்தது மண். "ரசாயனம் ஊறின மண்ணுப்பா, குழந்தைங்க விளையாடுற இடம்" என்பார்கள். இந்தப் பயத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்ட பிறகும் மண்ணில் பாதரசம் பல்லாண்டுப் பிரச்சினையாக இருந்தது. ராணிப்பேட்டையில் கைவிடப்பட்ட குரோமியக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. ஆனால் எந்த ஆலை என்று கேட்காமல் எல்லா ஆலையையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை. பின்னி மில் பஞ்சும் நூலும் துணியும் பார்த்த இடம், குறிப்பாகக் காக்கித் துணிக்குப் பேர்போனது. அங்கே சந்தேகப்பட வேண்டியவை சாயப்பட்டறை இருந்த மூலை, கொதிகலன் இருந்த மூலை, எண்ணெய் வைத்திருந்த கிடங்கு. வாங்குபவர் கேட்க வேண்டியது அந்த மூலைகளில் எடுத்த மண் பரிசோதனை அறிக்கையையும், ஆழ்துளைக் கிணற்று நீரில் கன உலோகம் பார்த்த அறிக்கையையும். பார்க்கிங்குக்காக அடித்தளம் தோண்டும்போது கட்டடத்தின் கீழிருந்த மேல்மண் லாரியில் ஏறிப் போய்விடுகிறது. மாசுபட்ட இடங்களைக் கண்டறிந்து சுத்தப்படுத்த மத்திய அரசு 2025இல் தனி விதிகளே கொண்டுவந்திருக்கிறது. ஆகவே கேட்டால் தப்பில்லை, கேட்காமல் வாங்கினால்தான் தப்பு.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 1996இல் மூடிய ஆலையைக் கண்டு பயந்தவர்கள் போய் மனை வாங்கும் இடம் எது? மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். அத்தனையும் இன்றைக்கு இரவு பகலாக ஓடும் தொழிற்பேட்டைகள்.

மூன்றாவது, வெள்ளம். ஓட்டேரி நல்லா கால்வாய் பக்கத்திலேயே ஓடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பட்டாளமும் புளியந்தோப்பும் நீரில் நின்றன. மறுக்கவில்லை. ஆனால் அதே புயலில் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் என்ன ஆயின? 2015 வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மொட்டைமாடியில் நின்று படகுக்குக் கை காட்டியவர்கள் தனிவீட்டுக்காரர்கள்தானே? சென்னையில் தண்ணீர் வராத திசை என்று ஒன்றைக் காட்டிவிட்டு இந்த வாதத்தைத் தொடங்கட்டும். அடுக்குமாடியில் பார்க்க வேண்டியவை வேறு. ஜெனரேட்டரும் மின்மாற்றியும் எந்த உயரத்தில் இருக்கின்றன, கழிவுநீர் பம்ப் எங்கே இருக்கிறது, வெளியே போகும் சாலை எவ்வளவு தாழ்வு. நாலாவது மாடியில் வீடு பத்திரமாக இருந்தும் மின்சாரமும் லிஃப்டும் இல்லாமல் ஒரு வாரம் மூத்தவர்களை வைத்துக்கொண்டு தவிப்பது எப்படி என்று வேளச்சேரிக்காரர்களைக் கேளுங்கள்.

"வடசென்னைப்பா" என்று இழுத்துப் பேசும் நாலாவது வாதத்தில் பாதி சாதித் திமிர், பாதி சினிமா. பின்னி மில் மூடிக் கிடந்த காலத்தில் தமிழ் சினிமாவின் சண்டைக் காட்சிகள் பல அங்கே எடுக்கப்பட்டன. இடிந்த சுவரும் துருப்பிடித்த தகரமும் பார்த்துப் பார்த்து, அந்தப் பக்கமே அப்படித்தான் என்று ஊர் நம்பிவிட்டது. மணலிச் சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூரும் பெரம்பூரும் ஒரே இடம் அல்ல. உண்மையாகக் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை இந்த ஆலோசகர்கள் யாரும் சொல்வதில்லை: கொடுங்கையூர்க் குப்பைமேடு. 340 ஏக்கர் அளவில் பரந்து கிடக்கும் அது சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தைச் சுற்றுவட்டார மக்கள் எதிர்த்துவருகிறார்கள். மில் மண்ணைவிட அந்தப் புகை என் கணக்கில் பெரிய கேள்வி. ஆனால் அதற்குப் பதில் ஓடிப்போவதல்ல. போராடுகிற அந்த மக்களோடு இன்னும் சில ஆயிரம் வரி கட்டும் குடும்பங்கள் சேர்வது நல்லது.

ஐந்தாவது, பணக்கணக்கு: "ஃபிளாட்டில் நிலம் எங்கே இருக்கு? யூடிஎஸ் எவ்வளவு?" யூடிஎஸ் என்பது ஃபிளாட்டுக்குரிய பிரிபடாத நிலப் பங்கு. கணக்கு சரிதான். உயர்மாடிக் கட்டடங்களுக்கு 2019 விதிகளின்படி தளப்பரப்புக் குறியீடு 3.25. அதை முழுக்கப் பயன்படுத்தினால் 1,300 சதுர அடிக்கு 400 சதுர அடி நிலம்தான் பங்காக வரும். கிரவுண்டு என்றால் 2,400. நிலம் மட்டும்தான் வேண்டும் என்றால் போய் நிலம் வாங்குங்கள், அதற்கு ஏன் குடும்பத்தைக் குடிவைக்க வேண்டும்? இருவரும் வேலைக்குப் போய், பிள்ளை பள்ளிக்குப் போய், அப்பாவுக்கு மாதாமாதம் டாக்டரைப் பார்க்க வேண்டிய வீட்டில் தினமும் மூன்று மணி நேரம் சாலையில் கரைவதை எந்தப் பத்திரத்தில் எழுதுவது? பெரம்பூரிலிருந்து சென்ட்ரலுக்குப் புறநகர் ரயிலில் சில நிறுத்தங்கள்தான். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மெட்ரோ தடமும் பெரம்பூர், அயனாவரம் வழியாகச் சுரங்கத்தில் அமைகிறது. புறநகர் மனையில் பாதாளச் சாக்கடை வரும்வரை கழிவுநீர் லாரிக்கும் கோடையில் தண்ணி லாரிக்கும் கொடுப்பதையும் கணக்கில் சேருங்கள். கட்டடம் பழசாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கும் ஓரளவு பதில் வந்துவிட்டது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானத்துக்கு வழி தருகிறது.

எதிர்ப்பவர்கள் கேட்கத் தவறும் கேள்வியை நான் கேட்கிறேன்: விளம்பரத்தில் 'குடும்பத்துக்கேற்ற வீடு' என்று சொல்வது உண்மையிலேயே குடும்பத்துக்கு ஏற்றதா? பல த்ரீ பிஹெச்கேக்களில் மூன்றாவது அறை கட்டிலும் பீரோவும் போட்டால் கதவு திறக்காத அளவில் இருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு இரண்டாவது வாழ்அறைக்கு 7.5 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 80 சதுர அடி போதும் என்கிறது. கட்டுநர்கள் அந்தக் குறைந்தபட்சத்தையே இலக்காக வைத்துக்கொள்கிறார்கள். பாட்டி தூங்கவும், பத்தாம் வகுப்புப் பையன் படிக்கவும், ஊரிலிருந்து அத்தை வந்தால் பாய் விரிக்கவும் அது போதாது. ரெரா சட்டம் கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் உண்மையில் புழங்கும் பரப்பைச் சொல்லச் சொல்கிறது. சூப்பர் பில்டப் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, அந்த எண்ணைக் கேளுங்கள். டேப் எடுத்துக்கொண்டு மாதிரி வீட்டுக்குப் போங்கள், அங்கே போட்டிருக்கும் கட்டிலையும் அளந்து பாருங்கள். இது இடத்தின் குற்றம் அல்ல, வரைபடத்தின் குற்றம். நாவலூரிலும் இதே கதைதான்.

கடைசியாக, இடதுசாரி நண்பர்கள் சொல்வது: "தொழிலாளி வியர்வை சிந்திய மண்ணில் பணக்காரனுக்கு மாடிவீடா?" ஆலையை மூடியது அடுக்குமாடி அல்ல, அது மூடிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் கட்டடம் வந்தது. இருந்தாலும் இந்த வாதத்துக்கு மட்டும் முழுசாக மறுப்பு என்னிடம் இல்லை. மும்பையில் 1991இல் ஆலை நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு திறந்தவெளிக்கும் ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும் ஒரு பங்கு உரிமையாளருக்கும் என்று விதி செய்தார்கள். 2001 திருத்தம், காலியாகக் கிடந்த நிலத்துக்கு மட்டுமே அது பொருந்தும் என்று சுருக்கியது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. சென்னையில் ஆலை நிலத்துக்கென்று அப்படியொரு பங்கீடே செய்யப்படவில்லை.

நமக்கு மிஞ்சியிருப்பது 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற ஓஎஸ்ஆர் விதி மட்டும். அந்த நிலம் பொதுமக்களுடையது. புளியந்தோப்புப் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் சேர்ந்து பந்து விளையாட வேண்டிய இடம். பல வளாகங்களில் அது மதிலுக்குள் போய், குடியிருப்போருக்கு மட்டுமான பூங்காவாகிவிடுகிறது. நீங்கள் வீடு பார்க்கப் போகும்போது மண் அறிக்கையோடும் கார்ப்பெட் ஏரியாவோடும் இதையும் கேளுங்கள்: ஓஎஸ்ஆர் பூங்காவின் வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது, சாலைக்கா, உள்ளுக்கா? உள்ளுக்கு என்று பதில் வந்தால் சிஎம்டிஏவுக்கும் மாநகராட்சிக்கும் ஒரு மனு எழுதிப் போட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.